மிதக்கத் துடித்த பாட்டில்

வாசகர் ஒருவர் பழைய ஏவுதல் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். 2015 ஜூன் 28 அன்று கேப் கனாவரலில் இருந்து கிளம்பிய ஃபால்கன் 9 ராக்கெட்டின் காணொளி. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன டிராகன் கலம் அதன் உச்சியில் இருந்தது. அவர் கேட்டது இதுதான்: "அடியில் ஒன்பது எஞ்சின்களும் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கின்றன. ஆனால் உச்சியில் வெள்ளையாக ஏதோ பொங்குகிறது, ராக்கெட் சிதறுகிறது. எரியாத பகுதி எப்படி முதலில் வெடித்தது?"

கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "ஆள் இல்லாத சரக்கு ராக்கெட்தானே, விண்வெளி ஆர்வலர்கள் ஏன் இப்படி இடிந்துபோனார்கள்?"

முதல் கேள்விக்கான பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் நாம் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் அது, ஆனால் யாரும் எதிர்பார்க்காத இடத்தில்.

அன்று நானும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அங்கே காலை 10:21. அதற்குமுன் 18 ஃபால்கன் 9 ராக்கெட்டுகள் பறந்திருந்தன. இது 19-ஆவது. முதல் கட்டத்தை, அதாவது முதலில் எரிந்து பிரியும் அடிப்பகுதியை, கடலில் நிற்கும் மிதவை மேடையில் இறக்கிப் பார்க்கப்போகிறார்கள் என்பதால் பலர் வந்ததே அந்தத் தரையிறக்கத்தைப் பார்க்கத்தான். புறப்பட்டு 139 வினாடிகள் எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் அந்த வெள்ளை மேகம். வர்ணனையாளர் சில நொடிகள் பேசவில்லை. உடைந்த துண்டுகள் கேமராவில் தெரிந்தன.

அந்த வெள்ளை மேகம் புகை இல்லை, திரவ ஆக்சிஜன். அடுத்து எரியவேண்டிய மேல்பகுதியான இரண்டாம் கட்டத்தின் ஆக்சிஜன் தொட்டி பிளந்து, உள்ளே இருந்தது காற்றில் கொட்டியது. இரண்டாம் கட்ட எஞ்சின் அப்போது இயங்கவே இல்லை. இயங்காத எஞ்சினுக்கு மேலே, நிரம்பிய நிலையில் சும்மா காத்திருந்த தொட்டி எதற்காகப் பிளக்க வேண்டும்? ராக்கெட்டைச் செய்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஈலான் மஸ்க் அன்றே ஒரு சேதி சொன்னார்: தொட்டியில் அழுத்தம் மிகையாகிவிட்டது, தரவுகள் இயல்பாக மனம் ஊகிக்காத ஒரு காரணத்தைக் காட்டுகின்றன. ஆர்வலர்கள் பலநாள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

காரணத்துக்குள் போகுமுன் ஹீலியத்தைப் பற்றிக் கொஞ்சம். எஞ்சின் எரிபொருளை உறிஞ்ச உறிஞ்சத் தொட்டியில் இடம் காலியாகும். அந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்பி அழுத்தத்தைக் காக்காவிட்டால் திரவம் எஞ்சினுக்குச் சீராகப் போகாது, தொட்டியும் நசுங்கிவிடலாம். நிரப்பப் பயன்படுவது ஹீலியம். அது எதோடும் வினைபுரியாது, எடையும் மிகக் குறைவு. திரவ ஆக்சிஜன் இருக்கும் சுமார் மைனஸ் 183 டிகிரியிலும் வாயுவாகவே இருக்கும். நைட்ரஜனை அதே குளிரில் அழுத்தி அடைத்தால் திரவமாகிவிடும்.

இந்த ஹீலியத்தைக் கார்பன் இழை சுற்றிய பாட்டில்களில் அடைக்கிறார்கள். பாட்டில் என்று சொன்னாலும் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 380 மடங்கு அளவில் இருக்கும். இந்தப் பாட்டில்களை வைத்திருக்கும் இடம்தான் கதையின் திருப்பம்: ஆக்சிஜன் தொட்டிக்குள்ளேயே, அந்தத் திரவத்துக்குள் மூழ்கடித்து. குளிர்ந்த வாயு சுருங்கும். அறை வெப்பத்தில் வைப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஹீலியம் அதே பாட்டிலில் அடங்கும். எடை மிச்சம், இடமும் மிச்சம். மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் உள்ளே வாயு இருக்கும் பாட்டிலைத் திரவத்தில் மூழ்கடித்தால் அது என்ன செய்யும்? மேலே வரத் துடிக்கும். நீச்சல் குளத்தில் பந்தை அமுக்கிப் பார்த்த யாருக்கும் இது தெரியும். ஆக, ராக்கெட்டில் இந்தப் பாட்டில்களைப் பிடித்திருக்கும் தாங்குகம்பிகள் அவை கீழே விழாமல் தாங்குவதற்காக இல்லை. மேலே மிதந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்காக. முதன்முறை படித்தபோது இந்த இடத்தில்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இன்னும் நல்ல பகுதி இனிமேல்தான். அந்த மேலே தள்ளும் விசை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை.

மிதப்பு விசை எங்கிருந்து வருகிறது? திரவத்துக்கு எடை இருப்பதால் வருகிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. மூழ்கிய பொருளின் அடியில் விழும் தள்ளல் அதன் உச்சியில் விழுவதைவிடப் பெரிதாக இருக்கிறது, அந்த வித்தியாசம்தான் பொருளை மேலே தூக்குகிறது. திரவத்துக்கு எடையே இல்லாவிட்டால் அழுத்த வித்தியாசமும் இல்லை, மிதப்பும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் பந்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாளியோடு மாடியிலிருந்து குதிப்பதாகக் கற்பனை செய்யுங்கள் (கற்பனையோடு நிறுத்திக்கொள்ளவும்). விழும் நேரத்தில் பந்து கையைத் தள்ளாது. நீருக்குள் அப்படியே சும்மா இருக்கும். விண்வெளி நிலையத்தில் தண்ணீருக்குள் விட்ட காற்றுக்குமிழி மேலே ஏறாமல் நடுவிலேயே நிற்பதும் இதனால்தான்.

இதைத் திருப்பிப் போடுங்கள். வாளியை வேகமாக மேலே தூக்கினால் தண்ணீர் கனக்கும், பந்தும் கையை முன்பைவிடப் பலமாகத் தள்ளும். ராக்கெட்டில் நடப்பது இதேதான். முடுக்கம் 2 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, என்றால் தொட்டியில் உள்ள ஆக்சிஜன் இரண்டு மடங்கு கனக்கிறது, பாட்டிலும் இரண்டு மடங்கு பலத்தோடு மேலே துடிக்கிறது.

கணக்கு புரிவதற்காக ஒரு பாட்டிலை நானே வைத்துக்கொள்கிறேன். 100 லிட்டர் பருமன், ஹீலியத்தோடு சேர்த்து 50 கிலோ எடை என்போம். அது விலக்கும் திரவ ஆக்சிஜன் சுமார் 114 கிலோ. ஏவுதளத்தில் நிற்கும்போது அதைக் கீழே பிடித்துவைக்க 64 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு போதும். 3.2 ஜி முடுக்கத்தில் அதே பாட்டிலுக்கு 200 கிலோவுக்கு மேல் வேண்டும். பாட்டில் மாறவில்லை, திரவம் மாறவில்லை, ராக்கெட் வேகம் எடுத்தது மட்டும்தான் வித்தியாசம்.

இதை வீட்டில் யாரும் பார்த்துவிடலாம். காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நூலில் கட்டிய ஹீலியம் பலூன் ஒன்றை உள்ளே மிதக்கவிடுங்கள். கார் சட்டென்று முன்னே பாயும்போது நம் தலை பின்னால் சாயும். பலூன் முன்னால் சாயும்! காற்று பின்னுக்குக் குவிகிறது, அதைவிட லேசான பலூன் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. ஃபால்கனின் பாட்டிலும் அப்படித்தான், ராக்கெட் போகும் திசையிலேயே ராக்கெட்டை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது.

முடுக்கம் ஏன் ஏறுகிறது என்பது தெரிந்த கதை. எரிபொருள் தீரத்தீர ராக்கெட் லேசாகிறது, எஞ்சின்களின் தள்ளல் பெரிதாகக் குறைவதில்லை. எனவே முதல் கட்டம் முடியும் தறுவாயில் கம்பிகளுக்குச் சோதனை உச்சம். 139-ஆவது வினாடியில் முடுக்கம் சுமார் 3.2 ஜி. அப்போது ஒரு தாங்குகம்பி முறிந்தது. சுமார் இரண்டடி நீளம், தடித்த இடத்தில் ஒரு அங்குலம். ஏறக்குறைய 4,500 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் என்று சான்று பெற்ற பொருள், 900 கிலோ அளவிலேயே முறிந்துவிட்டது.

விடுபட்ட பாட்டில் மேலே பாய்ந்தது, ஹீலியம் தொட்டிக்குள் பீறிட்டது. இரண்டாம் கட்டம் இன்னும் எரியத் தொடங்கவில்லை என்பதால் தொட்டி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது, மேலே காலியிடம் மிகக் கொஞ்சம். அந்தச் சின்ன இடத்தில் அத்தனை வாயு புகுந்தால் தொட்டி என்ன செய்யும்? முதல் அறிகுறியிலிருந்து தரவு முழுவதும் அற்றுப்போகும் வரை 0.893 வினாடி. ஒரு நொடிகூட இல்லை.

இவ்வளவு குறுகிய நேரத்தில் நடந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கம்பி முறிந்த அதிர்வு ராக்கெட்டின் உலோக உடல் வழியே ஓடியது. உலோகத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் உணரிக்கு அது 0.2 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். வெவ்வேறு உணரிகளில் பதிவான இந்த நுண்ணிய தாமதங்களை வைத்து, சத்தம் எந்த இடத்தில் பிறந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். பூகம்பத்தின் மையத்தைக் கண்டுபிடிக்கும் அதே முறை. பிறகு அதே வகைக் கம்பிகளை ஆயிரக்கணக்கில் இழுத்துச் சோதித்தார்கள். சில, சொன்ன அளவைவிட வெகு குறைவான விசையிலேயே அறுந்தன.

ஸ்பேஸ்எக்ஸ் சொன்ன முடிவு: கம்பியின் உலோகத்தில் குறை. நாசா தனியாக அமைத்த ஆய்வுக்குழு இன்னொரு கோணத்தைச் சொன்னது. அந்த உதிரிபாகம் சாதாரணத் தொழிற்சாலைத் தரத்தில் வார்த்த எஃகு. தேவையைப்போல் நான்கு மடங்கு பலம் இருக்கும்படி பயன்படுத்துங்கள் என்று தயாரிப்பாளரே பரிந்துரைத்திருந்தார். அதைப் பொருட்படுத்தாமல், போதிய சோதனையும் இல்லாமல், கடுங்குளிரில் பயன்படுத்தியது வடிவமைப்புப் பிழை என்றது குழு. இந்த அறிக்கையின் சுருக்கம் பொதுமக்கள் கைக்கு வந்தது 2018-இல்தான்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. அன்று அழிந்த நாசா சரக்கின் மதிப்பு மட்டும் 11.8 கோடி டாலர், மக்களின் வரிப்பணம். அந்தப் பணம் கடலில் விழுந்தால் ஏன் விழுந்தது என்ற விவரம் மக்களுக்கு உடனே, முழுதாக வர வேண்டும். விபத்தை ஆராய்வதற்கும் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவதற்கும் திட்டத்தின் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த பொறியாளர் படிக்க முடியாத அறிக்கையால் அடுத்த கம்பிக்கு ஒரு பயனும் இல்லை. மறு ஆண்டு, 2016 செப்டம்பர் 1 அன்று, இன்னொரு ஃபால்கன் 9 ஏவுதளத்தில் நின்றபடியே வெடித்தது. அப்போதும் ஆக்சிஜனுக்குள் மூழ்கிய ஹீலியம் பாட்டில்தான். அந்த முறை கம்பி இல்லை, பாட்டிலின் உள்ளுறைக்கும் கார்பன் இழைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆக்சிஜன்.

அன்று ஆர்வலர்கள் மத்தியில் "கெட்ட காலம்" என்ற பேச்சும் கிளம்பியது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன பயணங்களில் எட்டு மாதங்களில் தோற்றது இது மூன்றாவது. 2014 அக்டோபர் 28 அன்று வர்ஜீனியாவில் அன்டாரஸ் ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து வெடித்தது. 2015 ஏப்ரல் 28 அன்று ரஷ்யாவின் புரோகிரஸ் கலம் ராக்கெட்டிலிருந்து பிரியும்போது பழுதாகி, கட்டுப்பாடின்றிச் சுழன்று, பத்து நாளில் எரிந்துபோனது. மூன்றும் 28-ஆம் தேதி! சிலர் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஒன்றில் எஞ்சினின் பம்ப், ஒன்றில் பிரியும் நேரத்து அதிர்வு, ஒன்றில் கம்பி. மூன்று ராக்கெட், மூன்று காரணம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. 1964-இல் நிலவுக்குப் போன ரேஞ்சர் 7 கலம் வெற்றி பெற்ற நாளிலிருந்து நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அதிர்ஷ்டத்துக்காக முக்கியமான நேரங்களில் வேர்க்கடலை கொறிப்பார்கள். பதற்றம் தணிய அது நல்ல வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேதியைக் குற்றம் சொன்னால் கம்பியைச் சோதிக்கும் வேலை நின்றுபோகும்.

சரி, அந்த இரண்டாவது கேள்வி. ஆள் இல்லாத ராக்கெட்டுக்கு ஏன் இத்தனை வருத்தம்? நிலையத்தில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடம் சாப்பாடும் தண்ணீரும் கையிருப்பு இருந்தது, ஐந்து நாள் கழித்துக் கிளம்பிய புரோகிரஸ் ஒன்று பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்று போனவற்றில் ஒரு விண்வெளி உடை இருந்தது. வருங்காலக் கலங்கள் நிலையத்தோடு இணைவதற்கான வளையம் ஒன்றும் இருந்தது. அதற்கு மாற்றாக உதிரிபாகங்களிலிருந்து ஒன்றைக் கட்டி அனுப்ப 2019 ஆகிவிட்டது. அன்டாரஸ் விபத்தில் சோதனையை இழந்து, மீண்டும் முதலிலிருந்து செய்து இதில் அனுப்பிய பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். இரண்டாம் முறையும் அவர்கள் கண்முன்னே அது போனது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லாவற்றையும்விட ஆர்வலர்களை வாட்டியது வேறொன்று. ராக்கெட் சிதறியபோது டிராகன் சிதறவில்லை. முழுதாகப் பிரிந்து, சேதி அனுப்பிக்கொண்டே விழுந்தது. அடிவானத்துக்குக் கீழே மறையும் வரை அதன் தொடர்பு கிடைத்தது. அதில் பாராசூட்டுகள் இருந்தன. திரும்பி வரும் பயணத்துக்கென்று மடித்து வைத்த பாராசூட்டுகள். ஏறும் வழியில் அவற்றைத் திறக்கச் சொல்லும் மென்பொருள் மட்டும் அதில் இல்லை. அடுத்துப் பறந்த டிராகனில் அதைச் சேர்த்துத்தான் அனுப்பினார்கள்.