பூவைப் பார்த்துவிட்டு மருந்தை எடுங்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் சிறு கொல்லைகளுக்கும் தோட்டக்கலை ஆலோசனை சொல்லப் போகும் என்னிடம், ஆடிப் பட்டத்தில் ஊன்றிய கொடிகள் பூக்கத் தொடங்கியதும் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை, என்ன மருந்து அடிக்கலாம்? மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு பூவைப் பறித்து அவர்கள் உள்ளங்கையில் வைத்துப் பிரித்துக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டில், பின்கட்டுக்கு வெளியே செம்மண் தரை முழுவதும் பரங்கிக்கொடி படர்ந்திருந்தது. "பத்து நாளாப் பூக்குது தம்பி, ஒண்ணும் காய்க்கக் காணோம்; காய்க்காத பூ கொடியின் சத்தை உறிஞ்சும்னு சொன்னாக, அதையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டேன்" என்றார். கடையில் கொடுத்த பூச்சிமருந்தையும் வாரம் ஒருமுறை காலையில் தெளித்து வந்திருக்கிறார். அவர் கிள்ளிப் போட்டவை அத்தனையும் ஆண்பூக்கள்.

பரங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கின்றன. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான். நீண்ட மெல்லிய காம்பின் நுனியில், நடுவில் ஒற்றைத் தண்டுபோல் ஒட்டி நிற்கும் மகரந்தத்தாள்களோடு இருப்பது ஆண்பூ. தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். பெண்பூவுக்குக் காம்பு குட்டை, இதழ்களுக்குக் கீழே சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் உருண்டை. பிஞ்சு என்று நாம் நினைக்கும் அந்த உருண்டை இன்னும் பிஞ்சாகவில்லை, அது சூலகப்பை. அதற்குள் இருக்கும் சூல்கள்தான் பின்னால் விதையாகும். மேலே பிளவுபட்டுப் பிசுபிசுப்பாகத் தெரியும் சூலகமுடியில் மகரந்தம் படிந்து, சூலகத்தண்டு வழியே குழாய்விட்டு இறங்கிச் சூல்களைச் சேர்ந்தால்தான் அந்த உருண்டை பருக்கும். சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும். போதுமான மகரந்தம் படியாதபோது, விதை பிடித்த பக்கம் மட்டும் பருத்து மறுபக்கம் சூம்பிய காய் வருவதுண்டு. அதையும் பலர் நோய் என்றே நினைக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய், அன்று விரிந்த ஆண்பூ ஒன்றின் இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தத்தாளைப் பெண்பூவின் சூலகமுடியில் மெதுவாகத் தடவிக் காட்டினேன். பரங்கிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிவிடுவதால், இந்த வேலைக்கும் தேனீயின் வருகைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வாய்ப்பு. அதே நேரத்தில் பூச்சிமருந்து தெளித்தால் தேனீ எப்படி வரும்?

கத்தரியின் கணக்கு வேறு. அதில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே பூவில் உண்டு. ஊதா இதழ்களுக்கு நடுவே கூம்புபோல் நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகளுக்கு மேலே பச்சை நிறச் சூலகமுடி நீட்டிக்கொண்டிருந்தால், அது காய்க்கக்கூடிய பூ. சூலகத்தண்டு குட்டையாகிக் கூம்புக்குள் மறைந்திருந்தால் அது பெரும்பாலும் உதிரும்; செடியின் இயல்பே அதுதான், அந்த உதிர்வை நிறுத்த மருந்துக்குச் செலவழிப்பது வீண். நீண்ட தண்டுள்ள பூக்களும் உதிர்ந்தால் மட்டுமே தண்ணீர், வெயில், பூச்சி என்று காரணம் தேட வேண்டும். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை வழியே மட்டும் திறப்பதால், பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதிரவைக்கும் வண்டினம்தான் மகரந்தத்தை நன்றாக உதிர்க்கிறது. பந்தல் மூங்கிலில் துளையிட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு அவற்றில் ஒன்று. அதை அடித்துக் கொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன். பூ மொக்காக இருந்தபோது காத்த புல்லி வட்டம், காயாகும்போதும் உதிராமல் தொப்பியாக நிற்கிறது. காய்த்துளைப்பான் புழு பெரும்பாலும் அதன் அடியில்தான் நுழைகிறது என்பதால், அங்கே துளை உண்டா என்று தொப்பியின் ஓரத்தைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "வாழைப்பூவுல கள்ளன்னு எடுத்துப் போடுறோமே, அது எது?" என்றார் ஆச்சி. கோலா உருண்டைக்கும் வடைக்கும் ஆய்ந்து பழகிய கை என்பதால் அவருக்கு அது உடனே தோன்றியிருக்கிறது. தீக்குச்சிபோல் நுனி தடித்து விறைப்பாக நிற்கும் அந்தக் கள்ளன் சூலகத்தண்டும் சூலகமுடியும். கண்ணாடித் தாள்போல் பிரியும் சிறு செதில் ஓர் இதழ். மேலே மூடியிருக்கும் செம்மடல் இதழே அன்று, பூக்கொத்தைக் காக்கும் பூவடிச் செதில். தாரின் நுனியில் ஒடிக்கும் அந்தப் பூவில் இருப்பவை காயாகாத ஆண்பூக்கள்.

தெளிக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று. மாலையில் தெளித்தால் தேனீக்குக் கேடில்லை என்று பொதுவாகச் சொல்வது பரங்கிக்கும் பாகலுக்கும் பொருந்தும். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் விரிகின்றன, புடலை இருட்டிய பிறகு. தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உங்கள் கொடி எப்போது பூவை விரிக்கிறது என்று இரண்டு நாள் நின்று பார்த்து, அந்த நேரத்தைத் தவிர்த்து, பூவில் படாமல் தெளியுங்கள்.