கிணற்றடி ஸ்டார்ட்டரில் ஒரு கணினி

அப்புச்சி தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி உண்டு. நடுராத்திரியில் மூணு பேஸ் கரண்ட் வந்தால் டார்ச்சோடு போய்ப் பச்சை பட்டனை அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் ஓடும். இந்த நாகரிகம் நொடித்துப்போய், சிப் தொழிற்சாலைகள் எல்லாம் நின்றுவிட்டால் கணினியை எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று கேட்டால், நான் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

மெயினை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும். பட்டனை அழுத்தியதும் காயில் காந்தமாகி ஒரு இரும்புத் துண்டை இழுக்கிறது. அதோடு கான்டாக்டுகள் ஒட்டி மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் நிற்பதில்லை? பச்சை பட்டனுக்கு இணையாக மாட்டிய இன்னொரு சின்ன கான்டாக்டும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. காயிலுக்கு வேண்டிய கரண்ட் இனி அந்த வழியாக வரும். சிவப்பு பட்டனை அழுத்தும்வரை, பச்சையை யாரோ அழுத்தினார்கள் என்பதை அந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு தகவலை வைத்திருக்கும் நினைவகம் என்றால் இதுதான். நம் போன் 'அ' என்ற ஒற்றை எழுத்தைச் சேமிக்கப் பெரும்பாலும் 24 பிட் எடுத்துக்கொள்கிறது. அதற்கு 24 தோட்டத்து ஸ்டார்ட்டர்கள் வேண்டும்.

சரி, கணக்குப் போடுவது எப்படி? மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஒன்றை மட்டும் தட்டினால் எரியும், அடுத்ததையும் தட்டினால் அணைந்துவிடும். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதும் இரும எண்களைக் கூட்டும்போதும் இதேதான், எரிந்தால் 1, அணைந்தால் 0: 0-உம் 1-உம் சேர்ந்தால் 1, 1-உம் 1-உம் சேர்ந்தால் அந்த இடம் 0, மிச்சம் 1 அடுத்த இடத்துக்கு. அந்த மிச்சத்துக்கு இரண்டு கான்டாக்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் போதும், இரண்டும் ஒட்டினால்தான் கரண்ட் போகும். கைக்குப் பதிலாகக் காயிலே சுவிட்சைத் தட்டினால் அது ரிலே. 1941-இல் பெர்லினில் கோன்ராட் சூசே சுமார் 2600 ரிலேக்களை வைத்து இசட்3 கணினியைக் கட்டினார்.

வெர்ஜில் டுப்ராஸ் என்பவர் 2019-இல் இன்னொரு வழியைக் காட்டினார். பழைய சாதனங்களிலிருந்து கழற்றியெடுத்த, 1976-இல் வந்த இசட்80 மாதிரியான சிப்களில் ஓடும் 'கொலாப்ஸ் ஓஎஸ்' என்ற இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அவருடையது. ரிலேயைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம், முதல் சில பத்தாண்டுகளுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் புகைந்துபோன சிப்பை யாராலும் சரிசெய்ய முடியாது. காயில் புகைந்தால்? கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் புதுக் கம்பி சுற்றிச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவார். எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிதாகப் படுகிறது.

ஸ்டார்ட்டருக்கு ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். அதனால் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையை வேறெங்காவது எழுதி வைக்க வேண்டும். சூசே சினிமா பிலிமில் துளையிட்டு வைத்தார். நம் பக்கத்து நெசவாளர்களுக்கு ஜக்கார்டு அட்டை, அதாவது தறியில் டிசைனைச் சொல்லும் துளையிட்ட அட்டை பழக்கம். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்ப் பாவு நூல் மேலே ஏறும், துளை இல்லையென்றால் ஏறாது. பிரான்சில் 1804-இலேயே வந்த ஏற்பாடு இது. ஊசி இருந்த இடத்தில் ஒரு கான்டாக்டை வைத்தால் அதே அட்டை ரிலேக்களுக்குக் கட்டளை கொடுக்கும். கரண்ட் எத்தனை நாள் கழித்து வந்தாலும் சரி, முதல் அட்டையை மாட்டி மறுபடி ஓட்டலாம்.