அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பார்க்க ஒரு படம்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொல்வார்கள். “ராத்திரி தூக்கம் வரலைன்னா கார்ட்டூன் படம் போட்டுப் பார்க்கிறேன். அதுவும் பார்த்த படத்தையே.” வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பார், அல்லது வேலை போயிருக்கும், அல்லது ஒரு சாவு நடந்து மாதம்கூட ஆகியிருக்காது. இந்த நேரத்தில் பொம்மைப் படமா என்று அவர்களுக்கே கூச்சம். தாராளமாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கவலையில் இருக்கும் மனதை அதிகம் களைப்பாக்குவது அடுத்து என்ன நடக்குமோ என்ற எதிர்பார்ப்பு. டாக்டர் என்ன சொல்வார், போன் அடித்தால் யாராக இருக்கும் என்று நாள் முழுக்க அது விழித்துக்கொண்டே இருக்கிறது. முடிவு தெரிந்த கதையில் அந்த வேலை கிடையாது. தோள் தளர்கிறது, மூச்சு நிதானமாகிறது. குழந்தைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதனால்தான். பெரியவர்களுக்கும் அந்தத் தேவை வரும்.

நான் அடிக்கடி பரிந்துரைக்கும் படம், ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி எடுத்து 1988இல் வந்த ‘மை நெய்பர் டோட்டோரோ’. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. வில்லன் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. சட்சுகி, மே என்ற இரண்டு சகோதரிகள் அப்பாவோடு ஜப்பானியக் கிராமம் ஒன்றுக்குக் குடிவருகிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பக்கத்துக் காட்டில் டோட்டோரோ என்ற பெரிய, ரோமம் அடர்ந்த உயிர் ஒன்று அவர்களுக்குத் தோழனாகிறது.

இப்படிச் சொன்னால் கவலையை மறக்கடிக்கும் படம் போலத் தோன்றும். ஆனால் அம்மாவின் நோய் படம் முழுக்க கூடவே வருகிறது. மியாசாகியின் தாயே முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டவர். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தைகள் எப்படி இருப்பார்கள் என்று மியாசாகிக்குத் தெரியும்.

முக்கியமாக, மூத்தவள் எப்படி இருப்பாள் என்று. சட்சுகி சமைக்கிறாள், தங்கையின் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டுகிறாள், சிரித்த முகமாகப் பள்ளிக்குப் போகிறாள். அழுது அடம்பிடிக்கும் சின்னவளைத்தான் எல்லோரும் தேற்றுகிறார்கள். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் நின்று, அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் வாய்விட்டு அழுகிறாள். அதுவரை அவளும் ஒரு குழந்தை என்பது நமக்கே மறந்திருக்கும்.

இந்தச் சட்சுகிகளை நான் நிறையப் பார்க்கிறேன். “பெரியவளைப் பற்றிக் கவலையே இல்லை, ரொம்பப் பொறுப்பு” என்று பெற்றோர் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள். தயவுசெய்து அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள். அடம்பிடிக்கிறவன் தன் பயத்தை வெளியே காட்டிவிடுகிறான், இவள் காட்டுவதில்லை. இந்தக் காட்சியைப் பார்த்து அழுதுவிட்டு, “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்று முதல்முறையாக வாய் திறந்தவர்கள் உண்டு. அதில் நரை விழுந்தவர்களும் அடக்கம். நேரடியாகக் கேட்டால் வராத பேச்சு இன்னொருவரின் கதை வழியாக வந்துவிடும்.

இன்னொரு காட்சி, மழையில் பஸ் நிறுத்தம். அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிறார்கள். சின்னவள் அக்காவின் முதுகில் தூங்கிவிடுகிறாள். இருட்டு, மழை, பக்கத்தில் ஒரு தேரை. தலையில் ஓர் இலையோடு டோட்டோரோ வந்து நிற்க, சட்சுகி அப்பாவின் குடையைக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து குடைமேல் சொட்டும் சத்தம் அதற்கு அவ்வளவு பிடித்துப்போகிறது. நிமிடக்கணக்கில் இதுதான். பதற்றமாக இருக்கும் ஒருவர் இதோடு சேர்ந்து சும்மா இருக்க முடிந்தால் அதுவே அன்றைக்குப் போதும். அதனால் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அனிமேஷன் என்றாலே மென்மையானது என்று நினைத்துவிட வேண்டாம். டோட்டோரோவைத் தயாரித்த அதே ஜிப்லி ஸ்டுடியோவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ இதனோடு ஒரே நாளில் திரையரங்குக்கு வந்தது. போரில் அநாதையாகும் அண்ணன் தங்கையின் கதை, தாங்குவது கடினம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் எந்தப் படத்தையும் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிடுவது நல்லது. டோட்டோரோவையும்தான். படத்து அம்மா தேறிவருகிறார். தாயை இழந்துவிட்ட பிள்ளைக்கு அதுவே வலிக்கலாம்.

படம் சிகிச்சை ஆகாது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உடனே உதவி தேடுங்கள். எந்நேரமும் திரை முன்னாலேயே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதும் பேச வேண்டியவரிடம் பேசுவதும் தள்ளிக்கொண்டே போனால், அப்போது படம் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகளோடு பார்க்கிறீர்கள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் “என்ன புரிஞ்சுது?” என்று பரீட்சை வைக்காதீர்கள். “எந்த இடத்தை மறுபடியும் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். பிள்ளை எந்தக் காட்சியைச் சொல்கிறதோ, அதை இன்னொரு முறை போட்டு, அது பேசும்வரை கூடவே இருங்கள்.