பாய்மரப் படகில் கருவிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

காற்று பின்னாலிருந்து 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில், வீசுகிறது. படகு அதே திசையில் 6 நாட் வேகத்தில் ஓடுகிறது. பாய்மர உச்சியிலுள்ள காற்றுமானி காட்டுவது வெறும் 4 நாட். படகில் இருப்பவருக்கு அது இதமான தென்றல். அங்கிருந்து திரும்பி, இன்ஜினைப் போட்டு, காற்றுக்கு நேர் எதிரே அதே வேகத்தில் போனால் முகத்தில் அறைவது 16 நாட். இவ்வளவுக்கும் கடல்மேல் வீசும் காற்று துளியும் மாறவில்லை.

காற்றுமானி தன்னைத் தொட்டுச் செல்லும் காற்றை மட்டுமே அறியும். உண்மைக் காற்றின் வேகத்தைக் கணக்கிட, படகின் அடியில் நீரோட்டத்தால் சுழலும் சிறு சக்கரம் சொல்லும் படகு வேகம் வேண்டும். அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல, திசைகாட்டியும் வேண்டும். ஒன்று உச்சியில், ஒன்று நீருக்குள், ஒன்று அறைக்குள். மூன்றும் பேசிக்கொண்டால்தான் பாயை எப்போது சுருக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழியை 1983-இல் அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்தது. என்.எம்.இ.ஏ. 0183 என்பது அதன் பெயர். இன்றும் எண்ணற்ற படகுகளில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மொழியின் அழகு, அதை மனிதரும் படிக்க முடியும் என்பது. ஒவ்வொரு செய்தியும் ஒரு வரி; பெரும்பாலும் டாலர் குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு எழுத்துகள் பேசுவது யார் என்பதையும், அதற்கடுத்த மூன்று எழுத்துகள் பேச்சு எதைப் பற்றியது என்பதையும் சொல்லும். பிறகு காற்புள்ளிகளால் பிரித்த மதிப்புகள். கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறியீடு. வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் குறியீடு பொருந்தாது. கேட்கும் கருவி அந்த வரியை ஒதுக்கிவிடும்.

ஒரு ஜோடிக் கம்பியில் பேசுவது ஒரே ஒரு கருவிதான். கேட்பவை பல இருக்கலாம். இரண்டு கருவிகளின் பேச்சுக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டால் இரண்டின் மின்னழுத்தமும் மோதி, எதுவும் புரியாமல் போகும். அதனால் பல பேச்சுகளைச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப மல்டிபிளெக்சர் என்ற பெட்டி நடுவில் வருகிறது. வேகமும் குறைவு: நொடிக்கு 4800 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட், ஒரு வரிக்கு அதிகபட்சம் 82 எழுத்து என்று கணக்கிட்டால், நொடிக்கு ஆறு முழு வரிகூடத் தேறாது. சுற்றியுள்ள கப்பல்களின் இருப்பிடத்தைப் பெறும் ஏ.ஐ.எஸ். கருவிக்கு இது போதாது. அது 38,400 பிட் வேகத்தில் பேசும். கேட்கும் பக்கத்தை அதே வேகத்தில் அமைக்காவிட்டால், கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் திரையில் ஒரு கப்பலும் தெரியாது.

பின்னால் வந்த என்.எம்.இ.ஏ. 2000 வேறு வகை. கார்களின் மின்னணுக் கருவிகள் ஒரே கம்பியில் பேசிக்கொள்ள பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் பஸ் முறையின்மேல் அது எழுந்தது. படகின் நீளத்துக்கு ஒரே முதன்மைக் கேபிள். ஒவ்வொரு கருவியும் ‘டி’ வடிவ இணைப்பின் வழியே அதில் சேரும். எல்லாக் கருவிகளும் ஒரே கம்பியில் பேசுகின்றன. அப்படியானால் இரண்டு ஒரே நேரத்தில் வாய் திறந்தால்?

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கம்பியில் 0 என்பது 1 என்பதை எப்போதும் அமுக்கிவிடும். ஒவ்வொரு கருவியும் செய்தியின் தொடக்கத்தில் முன்னுரிமை எண்ணை அனுப்புகிறது. அனுப்பும்போதே கம்பியையும் கேட்கிறது. தான் 1 அனுப்பியும் கம்பியில் 0 தெரிந்தால், தன்னைவிட அவசரமான செய்தி ஒன்று போகிறது என்று புரிந்துகொண்டு அக்கணமே மௌனமாகிறது. வென்ற செய்தியில் ஒரு பிட்டும் சிதைவதில்லை. தோற்ற கருவி கம்பி ஓய்ந்ததும் மறுபடி முயல்கிறது. தலைமை தாங்க யாருமில்லாமலே ஒழுங்கு நிலைக்கிறது.

கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் பிட்டுகளைக் குழப்பும். இதைச் சோதிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு தரவுக் கம்பிகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை மின்தடை விடுபட்டிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதைச் சேர்த்திருக்கிறார்கள். கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. பாய்மரத்தின் உச்சி பெரும்பாலும் அதைவிடத் தொலைவு. ஆகவே முதன்மைக் கேபிளையே மரத்தின் உச்சிவரை ஏற்றி, ஒரு முனையை அங்கே முடிப்பது வழக்கம்.

தரவு சரியாக இருந்தும் கருவிகள் அணைந்து அணைந்து எரிந்தால், முதலில் மின்கம்பியின் தடிமனைப் பாருங்கள். 10 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு கருவி 5 ஆம்பியர் இழுக்கிறது, கம்பியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர் செம்பு. தடை ஏறக்குறைய 0.34 ஓம், 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்து அரித்தால் இன்னும் மோசம். வெள்ளீயம் பூசிய கம்பியைக் கடலோடிகள் வற்புறுத்துவது அதனால்தான். திசைகாட்டியின் அருகே செல்லும் மின்கம்பிகளை ஜோடியாக முறுக்கிவிட வேண்டும். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும்.

எல்லாம் ஒரே கேபிளில் சேர்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு கிளையில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஆழம், காற்று, இருப்பிடம் எல்லாமே ஒருசேர மறையலாம். ஆகவே பிற கப்பல்களோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப். ரேடியோவை மட்டும் அதை நம்பி விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ரேடியோவின் சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தினால், 70-ஆம் சேனலில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருப்பிடமும் போகும். ஜி.பி.எஸ். தரவு வராத ரேடியோ எண்ணை மட்டுமே அனுப்பும். ஆபத்து என்று தெரியும், எங்கே என்று தெரியாது. உள்ளேயே ஜி.பி.எஸ். உள்ள ரேடியோவை வாங்குங்கள். அல்லது தனி ஃபியூஸ் உள்ள ஜி.பி.எஸ். கருவியிலிருந்து ஒரு ஜோடி 0183 கம்பியை நேராக இழுங்கள். வேலை முடிந்ததும் முதன்மைக் கேபிளின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ரேடியோவின் திரையைப் பாருங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் அங்கே தொடர்ந்து தெரிய வேண்டும், அவற்றின் பக்கத்தில் உள்ள நேரம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.