பழைய கேமுக்குப் புதுப் பூட்டு: பணம் கொடுத்து வாங்கியவர் கவனத்துக்கு

ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் 2013 மே மாதம் கணினிக்கு வந்த கேம். 2024 ஜனவரியில், பத்து வருடம் கழித்து, கேப்காம் நிறுவனம் அதற்கு ஓர் அப்டேட் விட்டது. புதுக் கதை, புது லெவல் எதுவும் அதில் இல்லை. வந்தது எனிக்மா புரொடெக்டர் என்ற காப்புப் பூட்டு மட்டும்தான், அதாவது கேம் கோப்பை யாரும் உடைக்கவோ மாற்றவோ விடாமல் தடுக்கும் மென்பொருள். எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சரிந்தது, மோட்கள் (ரசிகர்கள் கேமில் செய்துகொள்ளும் மாற்றங்கள்) வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் கொட்டித் தீர்த்தார்கள். சில நாட்களில் கேப்காம் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. ஒரு கோளாறு தெரியவந்திருக்கிறது, அது சரியானதும் மறுபடி வெளியிடுவோம் என்று அறிவிப்பும் வந்தது. பூட்டு போட்டதே தவறு என்று அவர்கள் நினைக்கவில்லை, சாவி சரியாகத் திரும்பவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் இந்த விவகாரத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் யாரும் "காப்பி ப்ரொடெக்‌ஷன் மாறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "அண்ணா, கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு போல" என்றுதான் வருவார்கள். சமீபத்தில் ஒரு தம்பி கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின வாரம் வரை சீராக ஓடிய ஒரு பழைய கேம் இப்போது விட்டுவிட்டு நிற்கிறதாம். மற்ற எல்லா கேமும் நன்றாக ஓடுகிறது. புது ரேம் போடலாமா என்று விலை கேட்டார். சூடு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பார்த்தேன், குறை இல்லை. அப்புறம் கேம் ஃபோல்டரைத் திறந்து, கேமைத் திறக்கும் முக்கிய இஎக்ஸ்இ (.exe) கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தேன். சுற்றியிருந்த கோப்புகளின் தேதியெல்லாம் பல வருடம் பழசு. அந்த ஒரு கோப்பின் தேதி மட்டும் போன வாரம். அளவும் அவருடைய பழைய பேக்கப்பில் இருந்ததைவிடப் பல மடங்கு பெருத்திருந்தது. ரேம் வாங்க வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டேன்.

இந்தத் தேதி பார்க்கும் வேலையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஒரே ஒரு பழைய கேம் மட்டும் திடீரென்று மக்கர் செய்தால், பாகம் மாற்றக் காசு செலவழிக்கும் முன் அதன் இஎக்ஸ்இ எப்போது மாறியது என்று பாருங்கள்.

பூட்டு என்ன செய்கிறது? எனிக்மா போன்றவை கேமின் இயக்கக் கோப்பைச் சுற்றி ஓர் உறை போடுகின்றன. கோப்பைச் சுருக்கி மறைத்து, சில பகுதிகளைத் தனக்கு மட்டும் புரியும் கட்டளைகளாக மாற்றிவிடுகின்றன. ஓடும்போது அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும், யாராவது கோப்பில் கை வைத்தார்களா என்று சோதிக்கவும் வேண்டும். இது ப்ராசஸருக்குக் கூடுதல் வேலை. சரியான இடத்தில் போட்டால் வித்தியாசமே தெரியாமலும் போகலாம். அடிக்கடி ஓடும் பகுதியில் போட்டுவிட்டால் கேம் திணறும். 2021-இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கேமில் இதைக் கண்ணால் பார்த்தோம். பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதி, காசு கொடுத்து வாங்கியதைவிடச் சீராக ஓடியது. பிறகு கேப்காமே அப்டேட் விட்டுச் சரிசெய்தது.

டெனுவோ என்ற இன்னொரு பூட்டின் முறை வேறு. முதல் தடவை திறக்கும்போது இணையத்தில் சர்வரைத் தொடர்புகொண்டு, உங்கள் கணினியின் அடையாளத்தோடு ஒட்டிய ஓர் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொள்ளும். ப்ராசஸர் மாற்றினாலோ விண்டோஸை மறுபடி போட்டாலோ மீண்டும் சீட்டு வாங்க வேண்டும். நாங்கள் ஃபார்மட் செய்து கொடுத்த மறுநாள் "அண்ணா, நெட் இல்லாம கேம் திறக்கலை" என்று போன் வருவதில் பாதி இந்த வகைதான். 2021 நவம்பரில் ஒரு வார இறுதியில் டெனுவோ உள்ள பல கேம்கள் ஒரே நேரத்தில் திறக்க மறுத்தன. அதன் சர்வர் முகவரி ஒன்றின் பதிவு காலாவதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. வாங்கியவர்கள் தரப்பில் ஒரு குறையும் இல்லை.

புது கேமுக்குப் பூட்டு போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு கேமின் விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான். அந்த நாட்களில் திருட்டுப் பிரதியைத் தள்ளிப்போட நினைப்பது நியாயம். ஆனால் வெளிவந்து பத்து வருடமான, திருட்டுப் பிரதி இணையமெங்கும் கிடக்கிற கேமுக்குப் பூட்டு என்பது அறுவடை முடிந்த வயலுக்கு வேலி போடுகிற கதை. பழைய பிரதி வெளியே அப்படியே இருக்கிறது, அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. புது உறை போய்ச் சேர்வது ஒழுங்காக அப்டேட் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

அப்படியானால் ஏன் போடுகிறார்கள்? கேப்காமின் காரணம் ஓரளவு வெளிப்படையாகவே கிடைக்கிறது. 2023 இறுதியில் அவர்கள் வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப உரையில், காப்பு நோக்கில் பார்த்தால் மோட்களையும் ஏமாற்று நிரல்களையும் பிரித்துப் பார்க்க முடியாது என்றார்கள். ஆபாச மோட்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கின்றன, மோட் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள் உதவி கேட்டு வருவது வேலைப்பளு என்பதும் அதில் இருந்தது. கடைசிப் புகாரில் உண்மை இருக்கிறது, எங்களிடமும் அப்படி வருகிறார்கள். ஆனாலும் மோட்தான் பல பழைய கேம்களை உயிரோடு வைத்திருக்கிறது. அகலத் திரைக்கு ஏற்றதாக மாற்றுவது, புது விண்டோஸில் ஓடவைப்பது, ரசிகர்களே மொழிபெயர்ப்பது எல்லாம் மோட்தான்.

கேப்காம் மட்டும் என்றில்லை. பெதஸ்டா வெளியிட்ட கோஸ்ட்வயர் டோக்கியோ 2022 மார்ச்சில் வந்தது. ஒரு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில் வந்த இலவச அப்டேட்டோடு டெனுவோவும் சேர்ந்து வந்தது. அதற்கும் முன்பு, 2020 மே மாதம், டூம் எடர்னல் கேமுக்குள் கர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் அடிமட்டத்தில் முழு அதிகாரத்தோடு இயங்கும் டெனுவோ ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். கத்தினால் எடுப்பார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம், எப்போதும் நடக்கும் என்பதற்கு அல்ல.

பூட்டு போட்டவர்கள் போன பிறகு பூட்டுக்கு என்ன ஆகும்? சேஃப்டிஸ்க் கதையைப் பாருங்கள். சிடி காலத்தில் மேக்ரோவிஷன் நிறுவனத்தின் இந்தப் பூட்டு, விண்டோஸின் அடிவயிற்றில் டிரைவர் என்ற ஒரு சிறு நிரலை வைத்து, உள்ளே இருப்பது அசல் சிடியா என்று சோதிக்கும். அந்த டிரைவரிலேயே ஓட்டை இருந்து, சாதாரண நிரல் ஒன்று முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்து, 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். விளைவு, ஜிடிஏ வைஸ் சிட்டியின் அசல் சிடியைப் பொக்கிஷமாக வைத்திருந்தவருக்கு அது வட்டத் தகடு. நம் ஊரில் நெட் சென்டரில் ஐம்பது ரூபாய்க்கு எரித்துக் கொடுத்த பிரதி மட்டும் இன்றும் ஓடுகிறது. நேர்மையாக இருந்தவருக்குக் கிடைத்த பரிசு!

டிரான் எவல்யூஷன் இன்னும் மோசம். 2010-இல் வந்த அந்த கேமில் செக்யூரோம் என்ற பூட்டு. அதற்கான உரிமத்தை டிஸ்னி புதுப்பிக்காததால் 2019 இறுதியில், கேம் வைத்திருந்தவர்களுக்கே அது திறக்கவில்லை. நிறுவனங்களே தங்கள் பூட்டில் மாட்டிக்கொண்டதும் உண்டு. 2008-இல் யுபிசாஃப்ட் ஒரு ரெயின்போ சிக்ஸ் கேமுக்குத் தந்த அதிகாரப்பூர்வத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது பூட்டை உடைக்கும் கிராக் குழு ஒன்றின் கோப்பு. 2010-இல் ஸ்டீமில் விற்கப்பட்ட மேக்ஸ் பெய்ன் 2-க்குள்ளும் இன்னொரு குழுவின் முத்திரை அகப்பட்டது.

சரி, நான் இதை எழுதுவதன் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட உறைகளை ஆன்டிவைரஸ்கள் சந்தேகத்தோடு பார்க்கும். வைரஸ் எழுதுகிறவர்களும் தங்கள் நிரலை மறைக்க இதே வகை உறைகளைப் பயன்படுத்துவதால் வரும் வினை. அப்டேட் வந்த மறுநாள் ஆன்டிவைரஸ் கேமைப் பிடித்து அடைத்துவிடும். பையன் யூடியூப் பார்த்து கேம் ஃபோல்டர் முழுவதையும் ஆன்டிவைரஸ் சோதிக்காத விலக்குப் பட்டியலில் போடுவான். கேம் திறக்கும், ஆனால் திணறும். அடுத்து, பூட்டில்லாத பழைய இஎக்ஸ்இ எங்கே கிடைக்கும் என்று தேடுவான். கிடைத்ததை அதே ஃபோல்டரில் போடுவான். அங்கேதான் காவல் இல்லையே. சில மணி நேரத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கீகள், ஸ்டீம் கணக்கு எல்லாம் கைமாறியிருக்கும். இந்த வரிசையில் மாட்டி வருகிறவர்களில் பலர் திருட்டு கேம் ஆடுகிறவர்கள் இல்லை. காசு கொடுத்து வாங்கி, அது கெட்டுப்போனதால் வெளியே தேடப் போனவர்கள். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டுப் போடவும்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அதோடு மூடிவிடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. நோக்கம் என்ற சொல் அதில் இருப்பது முக்கியம். ஆனால் நான் வக்கீல் இல்லை, உங்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது எளிது. ஸ்டீமில் கேமின் பக்கத்தில் வலது ஓரம், மூன்றாம் தரப்பு டிஆர்எம் (இப்படிப்பட்ட பூட்டுகளின் பொதுப்பெயர்) பற்றிய மஞ்சள் நிறக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கு இல்லை என்றுதான் அர்த்தம். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்குவது உரிமம் மட்டுமே. விற்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியாவின் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் முன்பே ஸ்டீம் அதைப் பணம் கட்டும் இடத்தில் எழுதிவைக்க ஆரம்பித்துவிட்டது.

அதே கேம் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி தளத்தில் கிடைத்தால் நான் அங்கே வாங்கச் சொல்வேன். அங்கே இன்ஸ்டாலரைத் தனிக் கோப்பாக இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுவைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ரெவலேஷன்ஸுக்குப் பூட்டு போட்ட அதே 2024-இல் கேப்காமின் முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில் கேம்களும் எந்தப் பூட்டும் இல்லாமல் ஜிஓஜியில் விற்பனைக்கு வந்தன.

ஏற்கனவே வாங்கியிருந்தால், பிடித்த பழைய கேம் நன்றாக ஓடும்போதே அதன் ஃபோல்டரையும் சேவ் கோப்புகளையும் பிரதி எடுத்துவையுங்கள். சேவ் கோப்பு பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருக்காது. டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா, ஸ்டீமின் யூசர்டேட்டா ஆகியவற்றில் தேடுங்கள். ஸ்டீமில் கேமின் பிராபர்ட்டீஸில், திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று வைத்துக்கொண்டால் பின்னணியில் தானாக மாறாது. ஆனால் திறந்தால் மாறிவிடும், ஆகவே செய்தியைப் பார்த்துவிட்டுத் திறங்கள். சில நிறுவனங்கள் பழைய பதிப்பை அதே பிராபர்ட்டீஸின் பீட்டாஸ் பகுதியில் வைத்திருக்கும், அங்கேயும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்க, வாங்கி 14 நாட்களுக்குள்ளும் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. வருடங்கள் கழித்து வரும் பூட்டுக்கு இது பொருந்தாது. ஆனாலும் விண்ணப்பித்துப் பாருங்கள், விதிக்கு வெளியே வருவதையும் பரிசீலிப்பதாக அவர்களே சொல்கிறார்கள். நிறுவனத்துக்கும் புகார் எழுதுங்கள். எழுதும்போது அப்டேட் வந்த தேதி, இஎக்ஸ்இ கோப்பின் பழைய அளவு, புது அளவு, முன்னும் பின்னும் கிடைத்த எஃப்பிஎஸ், டிஎக்ஸ்டயாக் (dxdiag, கணினியின் விவரங்களைத் தரும் விண்டோஸ் கருவி) அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கேம் ஓடவில்லை என்று மட்டும் எழுதினால், கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள் என்று ஒரு தானியங்கிப் பதில் வரும், அதோடு டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.