மாட்டின் வயிற்றில் சூப்பர் மார்க்கெட் கவர்

"நல்லாத்தான் திங்கு டாக்டரம்மா, பால்தான் கொறஞ்சுக்கிட்டே வருது."

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி டவுண் பக்கத்திலிருந்து மாட்டைக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மாட்டைப் பார்த்தாலும் வயிறு முட்டத் தின்றது போலத்தான் தெரியும். இடது பக்கம் நிறைந்து நிற்கும். கையை மடக்கி அமுக்கினால் பிசைந்து வைத்த மாவு போலக் குழிந்து, மெதுவாகத்தான் மேலே வரும். அசை போடுவது குறைந்திருக்கும். சாணி கொஞ்சம் கொஞ்சமாக, சில சமயம் சளி கலந்து வரும். அடிக்கடி வயிறு உப்பும். மருந்து கொடுத்தால் இறங்கும், நாலு நாளில் மறுபடி உப்பும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது.

கொட்டிலில் கட்டி வளர்க்கிற மாடா, காலையில் கறந்துவிட்டு அவிழ்த்து விடுகிற மாடா என்பதுதான் நான் அடுத்துக் கேட்பது. "அவுத்துத்தான் விடுவோம், சாயங்காலம் அதுவா வந்துரும்" என்று பதில் வந்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறைதான் பெரியது. வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்ற வைக்கோலும் புல்லும் அங்கேதான் ஊறி, நுண்ணுயிரிகளால் நொதித்து, அசை போட வாய்க்கு வந்து, அரைபட்டுத் திரும்பப் போகும். நன்றாக அரைபட்டுப் பொடியானது மட்டும்தான் மூன்றாவது அறைக்குள் நுழைய முடியும். பாலித்தீன் கவர் அரைபடாது, நொதிக்காது, பொடியாகாது. ஆகவே அது அந்த வழியைத் தாண்டுவதே இல்லை. உள்ளே போன கவர் உள்ளேயே தங்கும், அதோடு அடுத்தது சேரும். வருடக்கணக்கில் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்ட பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும். பசு பால் குறைத்துச் சொல்லும்போது காரியம் வெகுதூரம் போயிருக்கும்.

மாடு ஏன் இதைத் தின்கிறது என்று கேட்கிறவர்கள் ஆட்டைக் கவனித்துப் பார்க்கலாம். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றி அப்படியே வாரி உள்ளே இழுக்கும். முதல் தடவை சரியாக மெல்லக்கூடச் செய்யாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்), உப்புச்சத்து குறைந்த மாடு என்றால் காகிதம், துணி, கயிறு எது கிடைத்தாலும் கடிக்கும். கோடையில் புல் இல்லாத நாட்களில் இது இன்னும் கூடும்.

மருந்தால் கவரைக் கரைக்க முடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாட்டை அசையாமல் நிறுத்தும் கட்டைச் சட்டத்துக்குள் நிற்க வைத்தபடியே, இடது விலாவுக்குப் பின்னால் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோல், தசை என்று அடுக்கடுக்காகத் திறப்போம். முதல் வயிற்றை வெளியே இழுத்துத் தோலோடு தைத்துக்கொண்ட பிறகுதான் அதை வெட்டுவது. உள்ளே இருப்பது ஒரு சொட்டு வயிற்றுக்குழியில் சிந்தினாலும் சீழ் பிடிக்கும். தோள்வரை கையுறை போட்டுக் கையை விட்டால் கவர்கள் ஒவ்வொன்றாக வராது. நைலான் கயிறு, சாக்கு தைத்த நூல், சேலைக் கிழிசல் எல்லாவற்றோடும் முறுக்கிக்கொண்டு வடமாக வரும். ஒரு நுனியை இழுத்தால் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. ஆணியும் கம்பித் துண்டும்கூட இருக்கும். அவை இரண்டாவது அறையில் குத்தி இருதயம் வரை போய்விட்டால் மாட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

2019 அக்டோபரில் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆன அறுவை சிகிச்சை அது. அந்தச் செய்தியைப் படித்து மாட்டு டாக்டர்கள் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்கள்.

வெளியே எடுத்த கவர்களைக் கழுவிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நிறைய கவர்களில் வாய் கட்டிய முடிச்சு அப்படியே இருக்கும். இரண்டு காதையும் இழுத்து இறுக்கிப் போட்ட முடிச்சு. கடையில் யாரும் அப்படிப் போட்டுத் தருவதில்லை. அது நம் அடுக்களையில் விழுந்த முடிச்சு. தெருவில் காற்றில் பறக்கும் வெறும் கவரை மாடு அவ்வளவாகத் தேடிப் போகாது. மிச்சச் சோறு, வாழைப்பழத் தோல், முட்டைக்கோஸ் இலை எல்லாவற்றையும் போட்டுக் கட்டி முக்கில் வைத்த கவரின் வாசனைக்குத்தான் வரும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. கவரோடு விழுங்கும்.

அதனால் சூப்பர் மார்க்கெட் கவரைப் பற்றிப் பேசும்போது அதன் முதல் உபயோகத்தைவிட இரண்டாவது உபயோகம்தான் எனக்குக் கவலை. "குப்பை போட வேணும்லா, அதுக்குத்தான் சேத்து வைக்கேன்" என்று பல வீடுகளில் ஆச்சிமார் கவரை மடித்துக் கதவுக்குப் பின்னால் பையில் திணித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எதையும் வீணாக்காத நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சிக்கனம் கடைசியில் போய்ச் சேருவது மாட்டின் வயிற்றில்.

சரி, துணிப்பை கொண்டு போனால் தீர்ந்ததா? பாதிதான் தீரும். தோளில் மஞ்சப்பையோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவரின் பைக்குள் பாருங்கள். தக்காளி ஒரு கவர், கத்தரிக்காய் ஒரு கவர், பச்சை மிளகாய் ஒரு கவர், கொத்தமல்லி ஒரு கவர். காய்கறிப் பகுதியில் ரோலாகத் தொங்கும் அந்த மெல்லிய கவருக்குக் காசு கிடையாது, அதனால் கணக்கும் கிடையாது. பில் போடும் இடத்தில் பெரிய பைக்குப் பணம் கேட்டால் நாம் யோசிக்கிறோம், இங்கே யோசிப்பதில்லை. வயிற்றிலிருந்து எடுப்பதில் இந்த மெல்லிசு ரகம் ஏராளம்.

இதற்கு நான் சொல்வது எளிய வழி. பழைய நாலு முழ வேட்டி ஒன்றில் ஏழெட்டுச் சின்னப் பைகள் தேறும். வாய்க்கு நாடா கோத்துத் தைத்துக்கொண்டால் போதும். எடை போடுகிறவரிடம் சொன்னால் காயைத் தட்டில் கொட்டி எடை பார்த்துத் தருவார். துணியில் ஸ்டிக்கர் ஒட்டாது என்பார்கள், அதுவும் உண்மைதான். பழைய பில் ஒன்றை எடுத்துப் போய் அதன் பின்பக்கம் எல்லா ஸ்டிக்கரையும் வரிசையாக ஒட்டிக் கொடுத்தால் கேஷியருக்கு வேலையும் சுலபம். தேங்காய், புடலங்காய், வாழைக்காய், பூசணிக்கீற்று இவற்றுக்கெல்லாம் கவரே தேவையில்லை. கோழிக்கும் மீனுக்கும் மூடி போட்ட சம்படம் கொண்டு போய்விடலாம். ரத்தம் ஒட்டிய கறுப்புக் கவரை நாய் கிழித்து இழுக்கும், அதில் மிச்சத்தை மாடும் நக்கும்.

இடையில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய கடைகளின் வாசலில் பையை வாங்கி டோக்கன் கொடுத்துவிடுவார்கள். சில கடைகளில் பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி உள்ளே விடுவார்கள். துணிப்பைக்குப் பிளாஸ்டிக் பூட்டு! சாமானை எடுத்து பில் போடும்போது நம் பை வாசலில் இருக்கும், கவுண்டரில் அவர்கள் பை இருக்கும். திருட்டுப் பயம் கடைக்காரருக்கு இருக்கத்தான் செய்யும். வெறும் பையை விரித்துக் காட்டினால் உள்ளே விடலாம், அல்லது பில் போட்ட பிறகு பையை எடுத்துக்கொள்ள டோக்கன் மேசையை பில் கவுண்டர் பக்கம் நகர்த்தலாம். வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அதை மட்டும் செய்து பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைகளில் குழப்பம் நிறைய. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கைப்பை அந்தப் பட்டியலில், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சேர்த்தி. "இது 120 மைக்ரான், பரவாயில்லை" என்று சொன்னால் அது மத்திய அரசு விதியின் கணக்கு, இங்கே செல்லாது. துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையாக வருவதில் பாதி அந்த ரகம்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு பிரியை இழுத்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், இது உருகிக் குண்டுமணியாகச் சுருளும். வெயிலில் கிடந்தால் செதில் செதிலாக உதிரும். வைக்கோலோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவும் முடியாது.

"மக்கும் பை" என்று அச்சடித்த கவரையும் முக்கில் போடாதீர்கள். அது மக்குவதற்கு உரக்கூடத்தின் சூடும் ஈரமும் வேண்டும். மாட்டு வயிற்றுக்குள் அது வேலைக்கு ஆகாது.

2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு விழாவுக்கு விழா துணிப்பை தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டில் இருபது துணிப்பை சேர்ந்து, கடைக்குப் போகும்போது ஒன்றுகூடக் கையில் இல்லை என்றால் என்ன பிரயோஜனம்? இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை உபயோகித்தால்தான் புவி வெப்பக் கணக்கில் அது ஒரு தடவை உபயோகித்த மெல்லிய கவருக்கு ஈடாகும் என்றது. (அந்தக் கணக்கில் மாட்டு வயிறு சேரவில்லை.) புதிதாக வாங்க வேண்டாம். ஜவுளிக்கடைக் கட்டைப்பை கட்டிலுக்கு அடியில் எத்தனை கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். பத்தமடைக் கோரைப் பையோ, அம்மா பின்னிய வயர் கூடையோ இருந்தால் இன்னும் நல்லது. வயர் கூடை பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்பார்கள். இருபது வருடம் உழைக்கிற பிளாஸ்டிக்கோடு எனக்குச் சண்டை இல்லை.

அடுக்களைக் குப்பையை வாளியில் போட்டு, கவர் இல்லாமல் அப்படியே தூய்மைப் பணியாளர் வண்டியில் கொட்டுங்கள். வாளி நாறாமல் இருக்க அடியில் செய்தித்தாள் போதும். பக்கத்தில் மாடு வளர்க்கிறவர்கள் இருந்தால் காய்த்தோலைக் கழனித்தண்ணியோடு கொடுக்கலாம், முந்தி எல்லா வீட்டிலும் நடந்ததுதான். பச்சைத் தோல் மட்டும்; வடித்த சோற்றையும் பொங்கலையும் வாளி வாளியாக ஊற்ற வேண்டாம். வயிறு புளித்து மாடு படுத்துவிடும். தைப்பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு வருகிற அழைப்புகளில் பாதி அதுதான்.

தெருவில் போடாமல் வண்டியில் போட்டாலும் கவர் ஊரை விட்டுப் போவதில்லை. மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு ராமையன்பட்டியில் இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே ராமையன்பட்டியில்தான். யார் திட்டமிட்டார்களோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது. பாளையங்கால்வாயில் போட்டது தண்ணீரோடு வயலுக்குப் போகும். பிசான நெல் அறுப்பு முடிந்து, வயலில் நிற்கிற தாளில் மேய விடும்போது, டவுண் பக்கமே வராத கிராமத்து மாடும் அதைத் தின்னும்.

மாடு வளர்க்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கவர் தின்றதைப் பார்த்ததும் நல்லெண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள். எண்ணெய் கவரை வெளியே தள்ளாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் இருக்கிற மாடும் போய்விடும். வாயில் தொங்கிக்கொண்டிருந்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், தடுத்தால் விட்டுவிடுங்கள். தாது உப்புக் கலவையைத் தினமும் தீவனத்தில் சேருங்கள், கண்டதைக் கடிக்கிற பழக்கம் குறையும். அடிக்கடி உப்பி, அசை போடாமல், பாலும் இறங்கினால் வயிறு முழுக்க அடைபடும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள், நடக்க முடியாத மாடு என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குக் கூப்பிடுங்கள். நாலு கால் நிலையாக நிற்கும்போதே வருகிற மாட்டுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, பத்துப் பதினாலு நாளில் தையல் பிரித்து, மறுபடி பாலுக்குத் திரும்பிவிடலாம்.