கல் வந்தவர் பாலை நிறுத்திவிட்டு வர டீ குடிக்கலாமா?

ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று தெரிந்ததும் சேலத்துப் பக்கம் பலர் முதலில் நிறுத்துவது பாலைத்தான். கல்லில் கால்சியம், பாலிலும் கால்சியம் என்று ஒரு கணக்கு. காலையில் வரக்காப்பி, மாலையில் வர டீ என்று மாறிவிடுகிறார்கள். வரக்காப்பி பெரிய கெடுதல் செய்யாது. வர டீயைத்தான் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் செடிகளில் இயற்கையாக உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உறைந்தவை. டீத்தூளில் ஆக்சலேட் அதிகம், காபியில் குறைவு. டீயில் பால் ஊற்றினால் பாலின் கால்சியம் அந்த ஆக்சலேட்டில் ஒரு பங்கைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு தள்ளிவிடும். பால் இல்லையென்றால் அதுவும் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்து, அங்கிருக்கும் கால்சியத்தோடு சேரும். கல்லுக்குப் பயந்து பாலை விட்டவர் கல்லுக்கே தீனி போடுகிறார். அமெரிக்காவின் அர்கன்சாஸில் தினமும் 16 கிளாஸ், அதாவது 3.8 லிட்டர் அளவுக்கு ஐஸ் டீ குடித்த 56 வயதுக்காரரின் சிறுநீரகமே ஆக்சலேட் படிந்து கெட்டது, 2015-ல் மருத்துவ இதழில் வந்தது. நாலு டம்ளர் டீக்கு அப்படி ஆகாது. ஆனாலும் கல் வந்தவருக்குப் பால் டீயே நல்லது.

காபியில் உள்ள காஃபீன் சிறுநீரில் கால்சியத்தைக் கொஞ்சம் கூட்டும், சிறுநீரின் அளவையும் கூட்டும். மொத்தத்தில் லாபம்தான். அமெரிக்காவில் சுமார் 1.94 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், தினமும் காபி குடிப்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. டீக்கு 11 சதவீதம் குறைவு. சர்க்கரை போட்ட கோலாவுக்கோ 23 சதவீதம் அதிகம். கோலாவிலும் காஃபீன் உண்டு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் சர்க்கரை: அதிலுள்ள ஃபிரக்டோஸ் சிறுநீரில் கால்சியத்தையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். நம் டீயிலும் டம்ளருக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீயில் சுமார் 50 கிராம். நாட்டுச்சர்க்கரைக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், டீயைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் உலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் 100 மில்லி டம்ளரில் ஐந்து டீ குடித்தாலும் அரை லிட்டர்தான். வியர்வையில் போவது அதைவிட அதிகம். ஏற்காட்டுக் குளிரில் தாகமே எடுக்காததால் எஸ்டேட் வேலைக்காரர்களும் தண்ணீரை மறக்கிறார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்களுக்கு அறிவுரை போதாது, கழிப்பறைதான் வேண்டும்.

சிறுநீர் நாளுக்கு 2.5 லிட்டர் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து பாருங்கள்: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்ததிலிருந்து மறுநாள் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர்வரை கோடு போட்ட மக்கில் அளந்து கூட்டுங்கள். ஒன்றரை லிட்டர்தான் வந்தால் தினமும் ஒரு லிட்டராவது கூடுதலாகக் குடிக்க வேண்டும். படுக்கும்முன் ஒரு டம்ளரை மறக்காதீர்கள். எலுமிச்சையின் சிட்ரேட் கல்லைத் தடுக்க உதவும், ஆனால் உப்பும் சர்க்கரையும் போடாமல் பிழியச் சொல்லுங்கள். உப்பும் சிறுநீரில் கால்சியத்தை ஏற்றும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் காஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும்.

இடுப்பு வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, டீயும் வேண்டாம் கஷாயமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.